ஒரு பட்டம், மூன்று நாடுகள்: எராஸ்மஸ் முண்டஸ் முதுநிலைப் படிப்புக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் படிக்க நினைக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் முதலில் ஒரு நாட்டை முடிவுசெய்துகொண்டு, பிறகு அந்த நாட்டுக்குள் ஒரு பல்கலைக்கழகத்தைத் தேடுகிறார்கள். முதல் செமஸ்டரை ஒரு நாட்டிலும் அடுத்ததை இன்னொரு நாட்டிலும் படித்து, ஆய்வேட்டை மூன்றாவது நாட்டில் எழுதி, அத்தனையும் சேர்ந்து ஒரே முதுநிலைப் பட்டமாக வரும் வழியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டில் தொடங்கிய எராஸ்மஸ் முண்டஸ் திட்டம் அப்படிப்பட்ட வழிகளில் நன்கு நிலைபெற்றது. அதன் உதவித்தொகை பெறுவோரில் இந்திய மாணவர்கள் தொடர்ந்து முன்வரிசையில் இருக்கிறார்கள். இருந்தும் தமிழில் இதைப் பற்றிக் கிடைக்கும் தகவல் "ஐரோப்பாவில் இலவசப் படிப்பு" என்ற அளவோடு நின்றுவிடுகிறது. உதவித்தொகையைப் பற்றி மட்டும் தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பவர், படிப்பு எந்த நாடுகள் வழியாகச் செல்கிறது, ஒவ்வொரு நாட்டிலும் தங்குவதற்கு எந்த அனுமதி வேண்டும், முடிவில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டத்தில் அச்சாகும் என்ற மூன்று கேள்விகளையும் இடம் கிடைத்த பிறகுதான் எதிர்கொள்கிறார். அப்போது எதையும் மாற்ற நேரம் இருக்காது. இந்த மூன்றையும் முதலிலேயே பார்ப்பது எப்படி என்பதை மையமாக வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்தவுடனேயே பல நாடுகளில் இளநிலைப் படிப்பு வேண்டும் என்பவர்களுக்கும் சில வாய்ப்புகள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட மினர்வா பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் நான்காண்டுகளில் பல நகரங்களில் மாறி மாறித் தங்குகிறார்கள். சியோல், ஹைதராபாத், பெர்லின், புவெனஸ் ஐரிஸ், லண்டன், தைபே ஆகியவை அந்த வரிசையில் இடம்பெற்றவை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம், ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மிலானின் பொக்கோனி ஆகிய மூன்றும் இணைந்து நடத்தும் வணிகவியல் இளநிலைப் படிப்பில் மூன்று கண்டங்களில் படித்து மூன்று பட்டங்களையும் பெறலாம். ஆனால் இவற்றுக்கான செலவு நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதில்லை. உள்ளே நுழையும் போட்டியும் கடுமையானது. ஆகவே இங்கேயே மூன்று அல்லது நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு, முதுநிலையில் இந்த வழிக்கு வருவதையே பெரும்பாலானோருக்குப் பரிந்துரைப்பேன்.

திட்டத்தின் அமைப்பு

எராஸ்மஸ் முண்டஸ் என்ற பெயரில் தனியாக ஒரு பல்கலைக்கழகம் இல்லை. குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று உயர்கல்வி நிறுவனங்கள் ஒன்றுகூடி, ஒரு துறையில் ஒரு முதுநிலைப் படிப்பை வடிவமைக்கின்றன. அந்தக் குழுவைக் கூட்டமைப்பு என்பார்கள். கூட்டமைப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் சில ஆண்டுகளுக்கு நிதி தருகிறது. மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதும் பாடம் நடத்துவதும் பட்டம் தருவதும் கூட்டமைப்பின் வேலை. படிப்பு ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை நீளும். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓராண்டுக்கு 60, இரண்டாண்டுக்கு 120 என்பது கணக்கு. ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வாசிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மாணவர் படிப்பில் சேரும்போது வசிக்கும் நாட்டைத் தவிர்த்து வேறு இரண்டு நாடுகளிலாவது நேரில் தங்கிப் படித்தாக வேண்டும் என்பது விதி. பல படிப்புகள் மூன்று, நான்கு நாடுகள் வரை கொண்டுசெல்கின்றன.

2021-2027 காலத்துக்கான விதிகளின்படி, உதவித்தொகைக்குத் தேர்வாகும் மாணவருக்கு மாதம் 1,400 யூரோ வீதம், படிப்புக் காலம் முழுவதும், அதிகபட்சம் 24 மாதங்களுக்குக் கிடைக்கும். கல்விக் கட்டணமும் காப்பீடும் அவரிடம் கேட்கப்படுவதில்லை. ஆனால் விமானப் பயணம், விசாக் கட்டணம், ஒவ்வொரு ஊரிலும் குடியேறும் செலவு ஆகிய அனைத்தும் இந்த 1,400 யூரோவுக்குள்ளேயே அடங்கும். முந்தைய காலகட்டத்தில் மாதம் 1,000 யூரோவும் பயணத்துக்குத் தனித்தொகையும் தந்தார்கள். பழைய மாணவர்களிடம் விசாரிப்பவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை இந்த உதவித்தொகையைப் பெற்றவருக்கு மீண்டும் அது கிடைக்காது.

இந்திய மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விதியும் உண்டு. ஒரு கூட்டமைப்பு தன் திட்டக்காலத்தில் வழங்கும் மொத்த உதவித்தொகைகளில் ஒரே நாட்டினருக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் தரக்கூடாது. குறிப்பிட்ட உலகப் பகுதிகளுக்கென ஒன்றியம் கூடுதலாக ஒதுக்கும் இடங்களுக்கு மட்டும் இந்த வரம்பு பொருந்தாது. இதன் நடைமுறை விளைவு என்னவென்றால், உங்கள் உண்மையான போட்டி உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பிப்பவர்களோடு இருப்பதைவிட, அதே படிப்புக்கு விண்ணப்பிக்கும் மற்ற இந்தியர்களோடுதான் அதிகம். தரவு அறிவியல், ரோபாட்டிக்ஸ், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி போன்ற படிப்புகளுக்கு இங்கிருந்து குவியும் விண்ணப்பங்களோடு ஒப்பிட்டால், மண்ணியல், கடல்சார் சூழலியல், அருங்காட்சியகம், மொழித் தொழில்நுட்பம், ஊரக வளர்ச்சி போன்ற துறைகளில் நெருக்கடி குறைவு. உங்கள் இளநிலைப் பாடத்தோடு நேர்மையாகப் பொருந்தும் அப்படிப்பட்ட துறை ஒன்று இருந்தால் அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

வழித்தடத்தைப் படிப்பது

கல்விக்கான ஐரோப்பிய நிர்வாக முகமை இணையத்தில் எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு படிப்பின் சொந்த இணையதளத்துக்கும் செல்லலாம். அங்கே சென்றதும் பாடத்திட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பாக, எந்த செமஸ்டர் எந்த ஊரில் என்ற அட்டவணையைத் தேடுங்கள். சில படிப்புகளில் எல்லா மாணவர்களும் ஒரே பாதையில் ஒன்றாகச் செல்வார்கள். சிலவற்றில் முதல் ஆண்டு பொதுவாகவும் இரண்டாம் ஆண்டு சிறப்புப் பிரிவுக்கு ஏற்ப வெவ்வேறு நாடுகளிலும் அமையும். இன்னும் சிலவற்றில் வழித்தடத்தைக் கூட்டமைப்பே உங்களுக்கு ஒதுக்கும்; நீங்கள் விருப்ப வரிசை மட்டும் தரலாம். இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்து உங்கள் இரண்டாண்டு வாழ்க்கையே மாறும்.

ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்க்கலாம். நடனத்தை அறிவாகவும் பண்பாட்டு மரபாகவும் ஆராயும் கோரியோமுண்டஸ் என்ற படிப்பு இருக்கிறது. பரதமோ கூத்தோ பயின்று அதை மானிடவியல் நோக்கில் ஆராய விரும்புபவர்களுக்கு உகந்தது. பிரான்ஸின் கிளெர்மோன்-ஃபெரான், நார்வேயின் ட்ரோண்ட்ஹைம், ஹங்கேரியின் செகெட், லண்டனின் ரோஹாம்ப்டன் ஆகிய நான்கு இடங்களின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கியது. வரைபடத்தில் பார்த்தால் நான்கும் ஐரோப்பாதான். குடியேற்றச் சட்டத்தில் பார்த்தால் இவை மூன்று வேறு உலகங்கள். பிரான்ஸும் ஹங்கேரியும் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகள். மாணவர்களுக்கான ஒன்றியச் சட்டம் இரண்டையும் கட்டுப்படுத்தும். உள் எல்லைகளில் சோதனையின்றிப் பயணிக்கக்கூடிய நாடுகளின் தொகுப்பான ஷெங்கன் பகுதியில் நார்வே இருந்தாலும், அது ஒன்றிய உறுப்பினர் அல்ல. அந்தச் சட்டம் அங்கே செல்லாது, தனியாக வசிப்பு அனுமதி வாங்க வேண்டும். பிரிட்டன் இரண்டிலும் இல்லை. அதற்கு முற்றிலும் தனியான விசா. அதேபோல் பாரிஸ், டப்ளின், லுண்ட், நேப்பிள்ஸ் நகரங்களின் நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஃபிப்டெஸ் என்ற உணவுத் தொழில்நுட்பப் படிப்பில், அயர்லாந்து ஒன்றிய உறுப்பினராக இருந்தும் ஷெங்கனில் இல்லாததால் டப்ளின் செமஸ்டருக்குத் தனி ஏற்பாடு வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் படிப்பின் ஒவ்வொரு ஊருக்கும் எதிரே, அந்த நாடு ஒன்றியத்தில் உள்ளதா, ஷெங்கனில் உள்ளதா என்று ஒரு தாளில் எழுதிவிட்டாலே வரப்போகும் வேலையின் அளவு புரிந்துவிடும். இதனால் கடினமான வழித்தடத்தை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த மாதத்தில் எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அட்டவணையைப் படிக்கும்போது கல்வியாண்டின் தேதிகளையும் ஒப்பிடுங்கள். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் அக்டோபரில் தொடங்கி, தேர்வுகள் பிப்ரவரி வரை நீளும். வட ஐரோப்பிய நாடுகளில் இலையுதிர் செமஸ்டர் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி ஜனவரியில் முடிந்து, அடுத்தது உடனே ஆரம்பமாகிவிடும். ஜெர்மனியில் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த நாட்டில் வகுப்பு தொடங்கிவிட்ட நிலை இப்படித்தான் வருகிறது. நன்கு நடத்தப்படும் கூட்டமைப்புகள் இதற்காக முன்கூட்டியே தேர்வு வைக்கின்றன. நீங்கள் பார்க்கும் படிப்பில் அந்த ஏற்பாடு உண்டா என்பதை ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம்; கேட்பதால் யாரும் குறைத்து மதிப்பிடமாட்டார்கள்.

கடைசியாக, பட்டம். சில கூட்டமைப்புகள் எல்லாப் பல்கலைக்கழகங்களின் பெயரும் தாங்கிய ஒரே கூட்டுப் பட்டத்தைத் தருகின்றன. மற்றவை, மாணவர் எந்தெந்த இடங்களில் படித்தாரோ அந்தப் பல்கலைக்கழகங்களின் தனித்தனிப் பட்டங்களைத் தருகின்றன. இரண்டும் செல்லுபடியாகும். ஆனால் படிப்பு முடிந்து எந்த நாட்டில் வேலை தேடப் போகிறீர்கள் என்பதோடு இதைச் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒன்றியச் சட்டம் படிப்பு முடித்த மாணவருக்கு வேலை தேடவோ தொழில் தொடங்கவோ குறைந்தது ஒன்பது மாதம் தங்கும் உரிமையைத் தருகிறது. அதை வழங்குவது உங்களுக்கு மாணவர் அனுமதி தந்த நாடு. ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிக்கு அந்த நாடு 18 மாதம் வரை தருகிறது. எனவே கடைசி செமஸ்டரும் ஆய்வேடும் எங்கே என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால், வேலை செய்ய விரும்பும் நாட்டில் அதை வைத்துக்கொள்வதே நல்லது.

விண்ணப்பம்

பெரும்பாலான கூட்டமைப்புகள் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையே விண்ணப்பம் பெற்று, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் வகுப்பைத் தொடங்குகின்றன. விண்ணப்பம் நேரடியாகக் கூட்டமைப்பின் இணையதளத்தில்தான். முகவர் யாரும் தேவையில்லை. இடம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் இதற்கான எந்த அதிகாரமும் இல்லை. முன்பு ஒரு மாணவர் மூன்று படிப்புகளுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்ற வரம்பு இருந்தது. இப்போது அது இல்லை. அதற்காகப் பத்துப் பதினைந்து விண்ணப்பங்களை ஒரே கடிதத்தோடு அனுப்புவதில் பயனில்லை. மூன்று, நான்கு படிப்புகளை ஆழமாகப் படித்து எழுதுவதே பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இளநிலை இறுதியாண்டில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம். வகுப்பு தொடங்குவதற்குள் பட்டம் அல்லது புரொவிஷனல் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அரியர் வைத்திருப்பவர்கள் இந்த நாளை மனத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும். மூன்றாண்டு பி.எஸ்சி., பி.ஏ. பட்டங்களைப் பல படிப்புகள் ஏற்கின்றன. சில பொறியியல் படிப்புகள் நான்காண்டு கேட்கும் என்பதால், தகுதிப் பகுதியை வரிக்கு வரி படிக்க வேண்டும். ஆங்கிலத் தேர்வைப் பொறுத்தவரை ஐஇஎல்டிஎஸ் 6.5 என்பது பரவலாகக் கேட்கப்படும் அளவு. ஆங்கில வழியில் படித்ததற்கான கல்லூரிச் சான்றைச் சில கூட்டமைப்புகள் ஏற்கும், சில ஏற்காது. தேர்வு மதிப்பெண் இரண்டாண்டு மட்டுமே செல்லும்.

பரிந்துரைக் கடிதங்களில் நம் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது மிகச் சிறிய ஒரு விஷயத்தில். விண்ணப்பத் தளம் பேராசிரியரின் மின்னஞ்சலுக்கு நேரடியாக ஓர் இணைப்பை அனுப்பும்; அந்த முகவரி கல்லூரியின் அதிகாரபூர்வ முகவரியாக இருக்க வேண்டும் என்று பல கூட்டமைப்புகள் எதிர்பார்க்கின்றன. நம் கல்லூரிகளில் எச்ஓடி உட்படப் பலரும் ஜிமெயிலையே பயன்படுத்துவார்கள். கல்லூரி முகவரி இருந்தும் அதைத் திறந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். ஆகவே செப்டம்பரிலேயே நேரில் சென்று, எந்த முகவரிக்கு இணைப்பு வரும், அது ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்திருக்கலாம், கடைசித் தேதி எது என்பவற்றைப் பணிவாகச் சொல்லி வைப்பது நல்லது. கடிதத்தை நீங்களே எழுதிக் கொண்டுவரச் சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. அப்போது உங்கள் புராஜெக்டில் அவர் உடனிருந்து பார்த்த வேலைகளைப் பற்றிய குறிப்புகளை மட்டும் எழுதிக் கொடுத்து, அவருடைய வாயால் வரவேண்டியதை அவரையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு ஆசிரியர்களின் கடிதங்கள் ஒரே நடையில் இருந்தால் தேர்வுக்குழுவுக்கு உடனே தெரிந்துவிடும்.

நோக்கக் கடிதத்தில் ஐரோப்பாவின் பெருமையை எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். முதல் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடம் உங்கள் அடித்தளத்தை நிரப்பும், இரண்டாவது இடத்தின் எந்த ஆய்வகம் உங்கள் கேள்விக்குப் பொருந்தும், ஆய்வேட்டை எங்கே, எதைப் பற்றி எழுத நினைக்கிறீர்கள் என்று வழித்தடத்தின் வரிசையிலேயே எழுதினால், நீங்கள் படிப்பைப் புரிந்துகொண்டே வந்திருக்கிறீர்கள் என்பது தெளிவாகும். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைப் பற்றி இளநிலையில் புராஜெக்ட் செய்தவர் அதிலிருந்தே தொடங்கலாம். உள்ளூர்ச் சிக்கலொன்றை அளந்து பார்த்த அனுபவம் பொதுவான ஆர்வத்தைவிடப் பெரிய சான்று. தன்விவரக் குறிப்பை யூரோபாஸ் என்ற ஐரோப்பியப் பொது வடிவத்தில் பல கூட்டமைப்புகள் கேட்கும். அதை இணையத்தில் கட்டணமின்றி உருவாக்கிக்கொள்ளலாம்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை முடிவுகள் வரும். உதவித்தொகையோடு இடம், காத்திருப்புப் பட்டியல், உதவித்தொகை இல்லாமல் இடம், மறுப்பு என நான்கில் ஒன்றாக இருக்கும். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கும் ஜூன் வரைகூட அழைப்பு வருவதுண்டு. பல இடங்களில் தேர்வான ஒருவர் ஒன்றை விட்டுக்கொடுக்கும்போது வரிசை நகரும். உதவித்தொகை இல்லாத இடத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: கல்விக் கட்டணத்தோடு நான்கு ஊர்களில் வீடு மாறும் செலவும் சேரும். கல்விக்கடன் வாங்கி இந்த வழியில் செல்வதைவிட, கட்டணமே இல்லாத அல்லது மிகக் குறைந்த அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரே நாட்டில் படிப்பது பெரும்பாலான குடும்பங்களுக்குப் பாதுகாப்பானது.

பெயரும் காகிதங்களும்

தமிழ் மாணவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, அது இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "செந்தில்குமார் கே" என்று இருக்கும். பட்டச் சான்றிதழில் "கே. செந்தில்குமார்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் விரிந்து "கருப்பையா" என்றும், இயற்பெயர் கட்டத்தில் "செந்தில்குமார்" என்றும் இருக்கும். குடும்பப்பெயர் கட்டம் காலியாகவே விடப்பட்ட பாஸ்போர்ட்டுகளும் உண்டு. ஒரே நாட்டில் படிப்பவர் இதை ஒருமுறை விளக்கினால் போதும். நீங்களோ ஒவ்வொரு நாட்டிலும் பல்கலைக்கழகம், குடியேற்ற அலுவலகம், வங்கி, வீட்டு உரிமையாளர் என்று திரும்பத் திரும்ப விளக்க வேண்டும். ஒரு நாட்டில் அப்பாவின் பெயராலும் அடுத்த நாட்டில் உங்கள் பெயராலும் பதிவாகி, மதிப்பெண்கள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றப்படும்போது ஆள் வேறோ என்ற ஐயம் எழும். எனவே விண்ணப்பத்தின் முதல் நாளிலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ளபடி மட்டுமே பெயரை எழுதுங்கள். இனிஷியலும் விரிவும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப்பெயர் காலியாக உள்ள பாஸ்போர்ட்டைப் புறப்படுவதற்கு முன்பே புதுப்பித்துச் சரிசெய்வது நல்லது. பாஸ்போர்ட் இரண்டாண்டுப் படிப்பு முடிந்த பிறகும் சில மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். நடுவழியில் தூதரகத்தில் புதுப்பித்தால் பழைய எண்ணில் உள்ள வசிப்பு அனுமதிகள் எல்லாவற்றையும் பின்தொடர்ந்து திருத்த வேண்டிவரும்.

பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், டிரான்ஸ்கிரிப்ட் ஆகியவற்றுக்கு, ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரை பல நாடுகளில் தேவைப்படும். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. மாநில அளவிலான சரிபார்ப்புக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகம் முத்திரையிடும். தமிழில் மட்டும் உள்ள பிறப்புச் சான்றிதழுக்கு ஆங்கில வடிவம் வாங்கிய பிறகே இதற்குச் செல்லுங்கள். முதல் நாடு கேட்காவிட்டாலும் மூன்றாவது நாடு கேட்கலாம். அப்போது நீங்கள் சென்னையில் இருக்கமாட்டீர்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றை பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கலாம். அது குறுகிய காலமே செல்லும் என்பதால் கடைசியில் வாங்குவது பொருத்தம்.

விசா என்னும் தொடர்

இந்தியாவிலிருந்து நீங்கள் வாங்குவது முதல் நாட்டுக்கான நீண்டகால தேசிய விசா. பிரான்ஸ் என்றால் விசாவுக்கு முன்பாக, வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பான காம்பஸ் பிரான்ஸின் நடைமுறையை முடிக்க வேண்டும். அங்கே சென்றிறங்கிய மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் பதிவுசெய்து செல்லத்தக்கதாக்க வேண்டும். ஸ்பெயினில் ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இத்தாலியில் எட்டு வேலை நாட்களுக்குள். இத்தாலிய முறை நம்மவர்களுக்குப் புதிதாக இருக்கும்: அஞ்சலகத்துக்குச் சென்று விண்ணப்ப உறையைக் கேட்டு வாங்கி, படிவத்தை நிரப்பி, புகையிலைக் கடையில் விற்கும் 16 யூரோ வருவாய் வில்லையை ஒட்டி, அதே அஞ்சலகத்தில் கட்டணத்தோடு சமர்ப்பித்தால் ஒரு ரசீது தருவார்கள். காவல்துறையில் கைரேகை வைக்கும் நாளும் அப்போதே குறித்துத் தரப்படும். அட்டை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். ஒரு செமஸ்டர் மட்டும் இத்தாலியில் இருப்பவர் அட்டை வருவதற்குள் அடுத்த நாட்டுக்குப் புறப்படும் நாளை எட்டிவிடுவார். விசா முடிந்தபின் வெறும் ரசீதை நம்பி இன்னொரு ஷெங்கன் நாட்டுக்குள் போக முடியாது. இப்படிப்பட்ட நாடு உங்கள் வழித்தடத்தில் முதலாவதாக வந்தால், சென்ற முதல் வாரமே அஞ்சலகத்துக்குப் போய்விட வேண்டும்.

இரண்டாவது நாட்டுக்குச் செல்லும்போது உதவுவது 2016ஆம் ஆண்டின் 801ஆம் எண் ஒன்றியச் சட்டம். பல நாடுகளை உள்ளடக்கிய திட்டத்தில் சேர்ந்த மாணவர், ஓர் உறுப்பு நாடு தந்த அனுமதியை வைத்துக்கொண்டே மற்றோர் உறுப்பு நாட்டில் 360 நாள் வரை படிக்கலாம். டென்மார்க்கும் அயர்லாந்தும் மட்டும் இதில் சேரவில்லை. நீங்கள் செல்லும் இரண்டாவது நாடு விரும்பினால் முன்கூட்டியே அறிவிப்புக் கேட்கலாம். ஜெர்மனியில் அந்த அறிவிப்பைப் பல்கலைக்கழகம் குடியேற்றத்துக்கான கூட்டாட்சி அலுவலகத்துக்கு அனுப்பும். இந்த வழியைப் பயன்படுத்த முதல் நாட்டின் அனுமதி இரண்டாவது நாட்டில் தங்கும் காலம் முழுவதும் உயிரோடு இருக்க வேண்டும். எனவே முதல் நாட்டில் விண்ணப்பிக்கும்போதே ஒரு செமஸ்டருக்கு மட்டும் கேட்காமல், படிப்பு முழுவதும் எத்தனை மாதம் என்று கூட்டமைப்பு தந்த கடிதத்தைக் காட்டி நீண்ட அனுமதி கேட்டுப் பாருங்கள். எந்த நாட்டு மாணவர் எந்த அனுமதியில் நகர்ந்தார் என்ற அனுபவம் கூட்டமைப்பின் அலுவலகத்திலும் மூத்த மாணவர்களிடமும் நிறைய உண்டு. 2006இல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டஸ் மாணவர் மற்றும் முன்னாள் மாணவர் சங்கம் வழியாகவும் அவர்களைத் தொடர்புகொள்ளலாம்.

பணம், வீடு, மதிப்பெண்

முதல் மாத உதவித்தொகை நீங்கள் சென்று சேர்ந்து, பதிவுசெய்து, வங்கிக் கணக்கு எண்ணைத் தந்த பிறகே வரும். வீட்டு முன்பணம், முதல் வாடகை, போக்குவரத்து அட்டை எல்லாம் அதற்கு முன்பே கேட்கப்படும். விமானச் சீட்டைத் தவிர்த்து இரண்டு மாதச் செலவுக்கான பணத்தோடு புறப்படுவது நல்லது. யூரோப் பகுதியில் ஒரு நாட்டில் திறந்த கணக்கை மற்ற நாடுகளிலும் பயன்படுத்தலாம். ஊருக்கு ஊர் புதுக் கணக்கு திறக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. 1,400 யூரோ செகெட்டிலோ செக் நாட்டின் ஒலொமூட்ஸிலோ தாராளமாகப் போதும். பாரிஸிலும் டப்ளினிலும் வாடகையே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மலிவான ஊரில் இருக்கும் செமஸ்டரில் சேமித்து, விலையுயர்ந்த ஊருக்கு எடுத்துச் செல்வதே சரியான கணக்கு. பகுதிநேர வேலைக்கு ஒன்றியச் சட்டம் வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் அனுமதிக்கிறது. பிரான்ஸில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊரும் மொழியும் மாறும்போது வேலை கிடைப்பது எளிதல்ல. அதை நம்பி வரவுசெலவு போட வேண்டாம்.

வீட்டைப் பொறுத்தவரை, அடுத்த ஊரின் மாணவர் விடுதிக்கு இந்த ஊருக்கு வந்த முதல் மாதமே விண்ணப்பித்துவிட வேண்டும். நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பச் சொல்பவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். உங்களுக்கு முன்னால் சென்ற அணியின் மாணவர் காலி செய்யும் அறையை அப்படியே எடுத்துக்கொள்வதே நம்பகமான வழி. சாமான்களை இரண்டு பெட்டிக்கு மேல் பெருக்காமல் இருந்தால் ரயிலிலேயே நாடு மாறலாம்.

மதிப்பெண் முறை ஒவ்வொரு நாட்டிலும் தலைகீழாக மாறும். பிரான்ஸில் 20க்கு 10 தேர்ச்சி. 14 எடுத்தால் நல்ல மதிப்பெண் என்று கொள்வார்கள். இத்தாலியில் 30க்கு 18 தேர்ச்சி. ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் எல்லை. டென்மார்க்கில் உச்சம் 12, தேர்ச்சி 02. நூற்றுக்கு எண்பதும் தொண்ணூறும் வாங்கிப் பழகியவருக்கு முதல் பிரெஞ்சு விடைத்தாள் அதிர்ச்சியாக இருக்கலாம். அதைப் பார்த்துத் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். கூட்டமைப்பு இவற்றைப் பொது அளவுக்கு மாற்றும் அட்டவணை வைத்திருக்கும். அதன் படியை முதல் செமஸ்டரிலேயே கேட்டு வாங்குங்கள். ஒரு பாடத்தில் தவறினால் மறுதேர்வு எப்போது, அப்போது நீங்கள் வேறு நாட்டில் இருந்தால் எங்கே எழுதுவது என்பதையும் அன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

பட்டம் கைக்கு வரும்போது

கூட்டுப் பட்டத்தில் பல பல்கலைக்கழகங்களின் கையொப்பம் சேர வேண்டியிருப்பதால், படிப்பு முடிந்த பிறகும் சான்றிதழ் வரப் பல மாதங்கள் ஆகக்கூடும். வேலைக்கும் பிஎச்.டி. விண்ணப்பத்துக்கும் அதுவரை பயன்படும் நிறைவுச் சான்றிதழை ஒருங்கிணைக்கும் பல்கலைக்கழகத்திடம் உடனே கேட்டு வாங்க வேண்டும். படித்த பாடங்கள், கிரெடிட்டுகள், எந்த நாட்டில் எந்த செமஸ்டர் என்ற விவரங்களைக் கொண்ட பட்டத் துணைச்சான்று இன்னும் முக்கியமானது. வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற இணைத்தன்மைச் சான்றை இந்தியாவில் கேட்கும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இந்தப் பணியை முன்பு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் செய்துவந்தது. வெளிநாட்டுப் பட்டங்களை ஏற்பதற்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஏப்ரலில் தனி விதிமுறைகளை அறிவித்தது. கல்லூரி ஆசிரியர் பணிக்கோ அரசுப் பணிக்கோ திரும்பி வர எண்ணுபவர்கள், குறிப்பாக ஓராண்டு முதுநிலையைத் தேர்ந்தெடுப்பவர்கள், சேர்வதற்கு முன்பே அந்த விதிமுறைகளைப் படித்துவிட வேண்டும். இலங்கை மாணவர்கள் கொழும்பிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஏற்புநிலையை இதேபோல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுப் பட்டத்துக்கான அப்போஸ்டில் முத்திரையை அந்தப் பட்டத்தை வழங்கிய நாடுதான் இட முடியும். சென்னையிலோ டெல்லியிலோ அதைப் பெற முடியாது. பிரெஞ்சுப் பட்டத்துக்குப் பிரான்ஸிலும் ஹங்கேரியப் பட்டத்துக்கு ஹங்கேரியிலும் முத்திரை வாங்க வேண்டும். ஊருக்குத் திரும்பிய பின் பட்டம் வரும் என்றால், அங்கே தங்கும் நண்பர் ஒருவருக்கு உங்கள் சார்பில் பெற்றுக்கொள்ள எழுத்துபூர்வமான அதிகாரம் தந்து, முத்திரை பெற்ற பிறகு அனுப்பும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் புறப்படுங்கள்.